நாலரை வரிசை மலைவேம்பு

தம்பி,

காலையிலிருந்து உன் காட்டில் மெஷின் ரம்பம் ஓடுகிறது. நான் மோட்டார் ஷெட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறேன். இங்கே வரைக்கும் அந்த வாடை வருகிறது. பச்சை மரத்தை அறுத்தால் வருகிற கசப்பு வாடை, அதில் பெட்ரோல் புகையும் கலந்திருக்கிறது. பதினாறு வருஷம் நின்ற மரங்களை ஆறு பேர் சேர்ந்து ஒரே பகலில் படுக்க வைத்துவிடுவார்கள் போலிருக்கிறது.

சற்று முன் அவர்களில் ஒருவன் வந்தான். "பெரியவரே, டேப்பு இருந்தா குடுங்க, எங்க டேப்பு மேல மரம் விழுந்திருச்சு" என்றான். தகரப் பெட்டியைத் திறந்து ஸ்பானர்களுக்கு அடியில் துழாவினேன். கையில் வந்தது உன்னுடைய டேப். தையல்கடை டேப். மஞ்சள் வெளுத்து, ஓரம் நைந்து போயிருந்தது. முப்பத்தாறாவது அங்குலத்தில் நீ ஊசியால் குத்தி முடிந்த சிவப்பு நூல் மட்டும் நிறம் மாறாமல் இருந்தது. டேப் இல்லை என்று சொல்லி அவனை அனுப்பிவிட்டேன். அவன் என் கையையும் பார்த்தான், முகத்தையும் பார்த்தான், போய்விட்டான்.

நீ போய்ப் பத்து வருஷம் ஆகிறது. இத்தனை வருஷத்தில் உனக்கு நான் எதுவும் எழுதியதில்லை. எழுதியதெல்லாம் மனுக்கள்தான். தாசில்தாருக்கு, சர்வேயருக்கு, கலெக்டருக்கு. அவர்களுக்கு எழுதுவதில் எனக்குச் சிரமம் இருந்ததே இல்லை. உனக்கு எழுத உட்கார்ந்தால் முதல் வரியே வரமாட்டேன் என்கிறது. வந்தவரைக்கும் எழுதுகிறேன்.

உன் மகள் ஜோதி மூன்றாம் வகுப்புப் படித்தபோது அந்தக் கன்றுகளை நட்டாய். அதற்கு முன் இரண்டு வருஷம் தொடர்ந்து பருத்தி கைவிட்டிருந்தது. எழுமலைச் சந்தையில் நாற்றுப் பண்ணைக்காரன் ஒருவன் உன்னைப் பிடித்து, மலைவேம்பு வைத்தால் எட்டொன்பது வருஷத்தில் பிளைவுட் கம்பெனிக்காரன் தேடி வந்து வெட்டிக்கொண்டு போவான், அள்ளிக்கொடுப்பான் என்று சொல்லியிருந்தான். நீ பஸ்ஸை விட்டு இறங்கியதும் வீட்டுக்குக்கூடப் போகாமல் என் ஷெட்டுக்கு வந்தாய். நான் வழக்கம்போல் மறுத்தேன். பருத்தி போடுகிற காட்டில் மரத்தை வைத்துவிட்டு அதுவரைக்கும் எதைத் தின்பாய் என்று கேட்டேன்.

"இந்தக் காடு எனக்குச் சோறு போட வேணாம்ணே. ஜோதியப் படிக்க வச்சாப் போதும். எஞ் சோத்துக்கு நான் கூலிக்குப் போறேன்" என்றாய்.

சொன்னபடி போனாய். கரும்பு வெட்டப் போனாய், கட்டட வேலைக்குப் போனாய், என்னோடு கிணறு கிணறாக மோட்டார் தூக்க வந்தாய். மற்றவர்கள் பிள்ளை படிப்புக்கு நகை வாங்கி வைத்தார்கள், சீட்டுப் போட்டார்கள். நீ ஒரு காட்டையே நிறுத்தி வைத்தாய்.

உன் பங்குக்கு வந்த காடு ரிப்பன் மாதிரி நீளம். வடக்கே ஓடை, தெற்கே பாறை. மேற்கே நம் பங்காளி காசிமாயன் காடு, அதன் ஓரமாக ஒரு பழைய வண்டிப்பாதை. கிழக்கே வண்டித்தடத்தைப் பார்த்து, ஒரு லாரி நுழைகிற அகலத்துக்கு ஒரு வாசல். அதில் நீளவாக்கில் நாலு வரிசை நட்டு முடித்து, ஐந்தாவது வரிசை பாதியில் இருக்கும்போது கன்று தீர்ந்துபோனது. அன்றைக்குச் சாயங்காலமே வரிசைகளுக்குப் பேர் வைத்துவிட்டாய். இது முதல் வருஷம், இது இரண்டாவது வருஷம், இது மூணு, இது நாலு என்று காலேஜ் படிப்பைக் காட்டில் நடந்து காட்டினாய். அந்த அரை வரிசை என்ன கணக்கு என்று கேட்டேன்.

"அது ஆஸ்டல்ல இந்தக் கழுத திங்கிறதுக்கு" என்றாய்.

ஜோதி உன் வேட்டியைப் பிடித்து இழுத்து, "நான் அம்புட்டாப்பா திம்பேன்" என்று கேட்டாள்.

மாட்டுப்பொங்கல் அன்று காலையில் அளவெடுப்பு. அதற்கென்றே அந்த டேப்பை வாங்கினாய். ஜோதி ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மரத்தைச் சுற்றி வருவாள். நீ குனிந்து அங்குலத்தைப் படிப்பாய். மூன்று அடி சுற்றளவு வந்தால்தான் நல்ல விலை என்று நாற்றுப் பண்ணைக்காரன் சொல்லியிருந்தான். அதனால் மூன்று அடியில் சிவப்பு நூல். "இந்த நூலுக்கு மரம் வந்துருச்சுன்னா ஜோதி காலேசு" என்பாய். பெருக்காத மரம் ஒன்று ஓடைப் பக்கம் நின்றது. அதைத் தட்டி, "இவன் ஒருத்தன், மூணு வருசமா ஒரே கிளாசுல ஒக்காந்திருக்கான்" என்பாய். ஒவ்வொரு வருஷமும் அதே பேச்சு. ஜோதி ஒவ்வொரு வருஷமும் சிரித்தாள்.

ஆறு பொங்கல் அப்படி அளந்தாய்.

காசிமாயன் கிணற்றில் மோட்டார் மண்ணில் புதைந்துகொண்டது. வேலை என்னுடையது, இறங்கியது நீ. நான் மேலே நின்றேன். கயிறு அவனுடையது, பழைய கயிறு. அறுந்தபோது நீ பாதிக் கிணற்றில் இருந்தாய். கிணற்றில் தண்ணீர் முழங்கால் அளவுகூட இல்லை. காசிமாயன் உள்ளே இறங்கி உன்னைத் தோளில் போட்டு ஏற்றினான், மதுரை பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் வேனில் உன் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தான். அதையும் எழுதுகிறேன். நடந்ததை மறைக்க மாட்டேன். ஆனால் கயிறு அவனுடையது.

எட்டு மாதம் படுத்திருந்தாய். இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை, கையிலும் வலுவில்லை. ஆஸ்பத்திரியில் தினம் ஒரு பெண் வருவாள், உனக்குப் பிசியோதெரபி செய்ய. இருபத்தைந்து வயதுகூட இருக்காது. சின்னத் துண்டைச் சுருட்டி உன் உள்ளங்கையில் வைத்து, "புடிங்கண்ணா, விடுங்க, புடிங்க" என்பாள். ஜோதி பக்கத்தில் நின்று எண்ணுவாள். பிறகு அந்தப் பெண் ஜோதியின் கையைப் பிடித்தே எங்கே அழுத்த வேண்டும், எங்கே அழுத்தக் கூடாது என்று காட்டிக்கொடுத்தாள். மூன்றாவது மாதம் நீயாக டம்ளரைப் பிடித்துக் காப்பி குடித்தாய். பாதி நெஞ்சில் கொட்டியது. வார்டில் இருந்தவர்கள் எல்லாம் பார்த்தார்கள்.

அன்றைக்கு ஜோதி, தான் இந்தப் படிப்புத்தான் படிக்கப் போவதாகச் சொன்னாள். எனக்குப் பிடிக்கவில்லை. எனக்கு அவள் எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் படிக்க வேண்டும். ஐந்தாவதோடு நின்றவன் நான். எரிந்த மோட்டாரை அவிழ்த்து அவிழ்த்துச் செம்புக் கம்பிக் காயில் கட்டக் கற்றுக்கொண்டவன், மோட்டார் தகட்டில் இருக்கிற எழுத்தைப் பார்த்து ஆங்கிலம் எழுத்துக்கூட்டியவன். நான் இருட்டில் தடவித் தெரிந்துகொண்டதை அவள் புத்தகத்தில் படித்துவிட்டு வந்து எனக்குச் சொல்ல வேண்டும் என்று ஆசை. அது இல்லையென்றால் டாக்டருக்காவது படிக்கட்டும், இதென்ன கை பிடித்துவிடுகிற வேலை என்றேன்.

நீ கட்டிலில் கிடந்தபடி சொன்னாய். "டாக்டரு நின்னு பாத்துட்டுப் போயிட்டாருண்ணே. இந்தப் புள்ளதான் எங் கையத் தொட்டுச்சு."

பிறகு, "ஒனக்கு ஒரு புள்ள இருந்திருந்தா அத நீ மோட்டாருக்குப் படிக்க வைண்ணே" என்றாய். அது குத்தியது. குத்த வேண்டும் என்று நீ சொல்லவில்லை, தெரியும்.

அந்த எட்டு மாதத்தில் ஆடுகள் போயின, ஜோதி அம்மாவின் தோடும் செயினும் போயின, என் சைக்கிள்கூடப் போனது. இரண்டு வரிசையை மட்டும் வெட்டிக்கொள்வோம், விலை குறைந்தாலும் பரவாயில்லை என்று நான்தான் கேட்டேன். மரத்தில் கை வைத்தால் சோறு தண்ணி இல்லாமல் கிடந்துவிடுவேன் என்றாய். அந்த விஷயத்தில் நீ என் தம்பிதான்.

ஐப்பசி மழையில் போனாய். ஊர் மயானம் ஓடைக்கரையில், முழங்கால் சேறு. நம் சொந்தக் காட்டிலேயே வைத்துவிடுவோம் என்று நான் சொன்னேன். நம் ஆட்களில் பலர் அப்படிச் செய்வதுதான், யாரும் ஆச்சரியப்படவில்லை. எந்த இடம் என்பதையும் நான்தான் சொன்னேன். கிழக்கு வாசல். அப்போதுதான் தடத்தில் போகிற வருகிறவன் எல்லாம் உன்னைப் பார்ப்பான், ஜோதி பள்ளிக்கூடம் போகும்போது உன்னைத் தாண்டிப் போவாள், என் ஷெட்டில் இருந்து பார்த்தாலும் தெரியும் என்று நினைத்தேன். வேறெதையும் நினைக்கவில்லை.

காசிமாயன் மண்வெட்டியோடு நின்றான். குழி வெட்ட வந்தவன். என் பக்கத்தில் வந்து மெதுவாகத்தான் சொன்னான்.

"அண்ணே, வாசல்ல வேணாம்ணே. உள்ள நாலு மரம் தள்ளி வைப்போம். நாளைக்கு மரம் வெட்ட வண்டி வந்து போக எடஞ்சலாகும்."

உன்னை இன்னும் பாடையில் இருந்து இறக்கவில்லை. அவன் மரம் வெட்டுகிற பேச்சைப் பேசுகிறான். எனக்கு எங்கிருந்து வந்ததோ, அத்தனை பேர் முன்னால் சொன்னேன்: "எந் தம்பிய எங்க வைக்கணும்னு ஒங்கிட்ட கேக்கல. ஒங் கெணத்துலதான அவனப் போட்ட. அதோட நிறுத்திக்க."

அவன் மண்வெட்டியைத் தரையில் வைத்துவிட்டு மழையில் நடந்து போனான். பதினாறாம் நாளுக்கு வரவில்லை. நான் உன் தலைமாட்டில் கல் நட்டேன். கார்த்திகையில் அவன் ஏர் பூட்டியபோது, மேற்கே அவன் காட்டு ஓரமாக உன் காடு வரைக்கும் வருகிற பழைய வண்டிப்பாதையையும் சேர்த்து உழுதுவிட்டான். உழுததை நான் ஷெட்டில் இருந்து பார்த்தேன். உன் காட்டுக்கு இருந்த இரண்டு வழியில் ஒன்றை நான் அடைத்தேன், இன்னொன்றை அவன் அடைத்தான். அன்றைக்கு எனக்கு அவன் அடைத்தது மட்டும்தான் கண்ணில் பட்டது.

நீ போன பிறகும் ஜோதியும் நானும் மாட்டுப்பொங்கலுக்கு அளந்தோம். அவள் பதினொன்று முடித்த வருஷம் முக்கால்வாசி மரம் நூலைத் தாண்டிவிட்டது. பன்னிரண்டாவதில் நல்ல மார்க். எலக்ட்ரிக்கல் பற்றி நான் ஒரு தடவை ஆரம்பித்தேன். "அப்பா கையப் பாத்தீங்கள்ல பெரியப்பா" என்றாள். மதுரைக்குப் பக்கத்தில் தனியார் கல்லூரி ஒன்றில் பிசியோதெரபிக்கு இடம் கிடைத்தது. அந்தப் படிப்பு நாலரை வருஷம் என்று போனில் காட்டினாள்.

"நாலரை வரிச பெரியப்பா. அப்பா எப்படிக் கரெக்டா நட்டாரு" என்றாள். அப்போது அவள் முகம் இருந்ததை நீ பார்த்திருக்க வேண்டும்.

முதல் வருஷப் பணமும் ஆஸ்டல் பணமும் கட்ட மூன்று வாரம் கொடுத்திருந்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை, சாயங்காலம் ஐந்து மணி வரைக்கும். பாங்குக் கடனுக்கு ஜோதியும் அவள் அம்மாவும் நடந்தார்கள். ஈடு கேட்டார்கள். ஈடு வைக்க என்ன மிச்சம் இருந்தது? காட்டுப் பட்டாகூட இன்னும் நம் அப்பா பேரிலேயே கிடந்தது. மரம் இருக்கிறது, கவலைப்படாதே என்று நான்தான் சொன்னேன்.

உசிலம்பட்டியில் இருந்து மர வியாபாரியைக் கூட்டிவந்தேன். அவன் மரத்தையெல்லாம் தட்டிப் பார்த்துத் திருப்தியாகத்தான் இருந்தான். திரும்பி வாசலுக்கு வந்தவன், உன் கல்லைப் பார்த்து நின்றான். செருப்பைக் கழற்றினான். பிறகு வடக்கே ஓடையைப் பார்த்தான், தெற்கே பாறையைப் பார்த்தான்.

"லாரி இது மேலதான ஏறணும்" என்றான். "தப்பா நெனைக்காதீங்கண்ணே. எம் பயலுக ஏத்த மாட்டாங்க. நீங்க கல்ல எடுத்துட்டு ஏறச் சொன்னாலும் மாட்டாங்க. மேக்கால வழி கேட்டுக் குடுங்க, நாளைக்கே மரத்த எறக்குறேன்."

தலைச்சுமையாக ரோட்டுக்குக் கொண்டுபோக முடியாதா என்று கேட்டேன். முடியும், ஆனால் கூலி தின்றது போகப் பாதி விலைதான் தர முடியும் என்றான். என் தம்பி மரத்தைப் பாதி விலைக்குத் தர மாட்டேன் என்றேன். அந்தப் பாதி இருந்திருந்தால் முதல் வருஷமாவது ஓடியிருக்கும். இன்றைக்குத் தெரிகிற கணக்கு இது.

மறுநாள் ஜோதி ஷெட்டுக்கு வந்தாள். நின்றுகொண்டே இருந்தாள். காசிமாயன் சித்தப்பாவிடம் தான் போய்க் கேட்கட்டுமா என்றாள். போனால் என் முகத்தில் விழிக்காதே என்றேன். தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"கல்ல எடுத்துருவோம் பெரியப்பா. அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டாரு. ஏத்திட்டுப் போங்கடான்னுதான் சொல்வாரு."

என் கை ஓங்கிவிட்டது. அடிக்கவில்லை. அவள் நகரவும் இல்லை, முகத்தைத் திருப்பவும் இல்லை. அந்தக் கையை எப்படிக் கீழே இறக்கினேன் என்று எனக்கு ஞாபகமில்லை.

இரண்டு நாள் கழித்து டீக்கடையில் வைத்துக் காசிமாயன் சொன்னதாகச் சேதி வந்தது. "அண்ணன் வந்து ஒரு வார்த்த கேக்கட்டும். வரப்ப வெட்டி நானே வழி விடுறேன். வேற எதுவும் வேணாம்." கேட்டவர்கள் எல்லாம் நியாயம்தானே என்றார்கள். எனக்கு அதில் நியாயம் தெரியவில்லை. அது அவன் வழி இல்லை. கிராம வரைபடத்தில் புள்ளி புள்ளியாக அந்த வண்டிப்பாதை போட்டிருக்கிறது. வரைபடம் படிக்க எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நகல் வாங்கி, லென்ஸ் வைத்துப் பார்த்து, சங்கிலிக் கணக்கெல்லாம் நானே கற்றுக்கொண்டேன். ஊரில் என்னைத் தவிர அதைப் படிக்கத் தெரிந்தவன் கிடையாது. ஊருக்குப் பொதுவான பாதையை உழுதவனிடம் போய், அய்யா வழி விடு என்று நான் கும்பிட வேண்டுமா?

மனு எழுதினேன். நாலு பக்கம். தாலுகா ஆபீசில் வாங்கிய கிளார்க் படித்துவிட்டு, வக்கீல் எழுதிய மாதிரி இருக்கிறதே என்றார். அந்த வார்த்தையில் எனக்கு இருந்த சந்தோஷத்தை இன்றைக்கு நினைத்தால் உடம்பு கூசுகிறது. சர்வேயர் வருகிறேன் என்ற நாளில் மழை. அடுத்து வருகிறேன் என்ற நாளில் அவருக்கு வேறு வேலை. நான் தினம் போனேன். இன்னும் பத்து நாள், இன்னும் ஆறு நாள் என்று ஜோதியின் அம்மா விரலை மடக்கினாள். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நம் வீட்டில் என்னிடம் யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். அப்படி வைத்திருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கே தாலுகா ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். மடியில் வரைபடம். அன்றைக்கு ஆணை கிடைத்தால்கூட மரத்தை வெட்டி, ஏற்றி, பணமாக்கி, மதுரைக்குக் கொண்டுபோக முடியாது. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் உட்கார்ந்திருந்தேன். வேறு எங்கே போய் உட்கார்வது என்று தெரியவில்லை.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தேன். ஜோதி ஷெட்டில் இருந்தாள். தரையில் கிடந்த செம்புக் கம்பித் துண்டுகளையெல்லாம் பொறுக்கி டப்பாவில் போட்டு, கூட்டிப் பெருக்கி வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"மணி ஆயிருச்சு பெரியப்பா" என்றாள். அவ்வளவுதான். வீட்டுக்குப் போய்விட்டாள்.

நாற்பது நாள் கழித்துச் சர்வேயர் வந்தார். சங்கிலி பிடித்து அளந்தார். நான் சொன்னது சரி, பாதை உண்டு, பதினாறு அடி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. பாதையைத் திறந்துவிடச் சொல்லும் ஆணைக்கு மறுபடி ஒரு மனு, அதற்குமேல் ஒரு அப்பீல். அந்த ஆணை இன்றுவரை வரவில்லை. ஜோதி அதற்கடுத்த மாதமே மதுரைக்கு வேலைக்குப் போய்விட்டாள். மறு வருஷம் பார்க்கலாம் என்றேன். அம்மாவுக்கு மூட்டு போய்விட்டது, கூலிக்குப் போக முடியாது, மறு வருஷம் வரைக்கும் யார் சோறு போடுவது என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. விலை விசாரிக்கிற மாதிரி கேட்டாள்.

வீடுகளில் படுக்கையாய்க் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஆள் அனுப்புகிற ஏஜென்சி சொன்ன வீட்டில் தங்கிக்கொள்ள வேண்டும். ஆறு வருஷத்தில் எட்டு வீடு மாறிவிட்டாள். அதில் ஐந்து வீட்டில் ஆள் இறந்ததால் மாறினாள்.

போன வருஷம் கோரிப்பாளையத்தில் அவள் வேலை பார்த்த வீட்டுக்கு ஒரு தடவை போனேன். ஒரு பாய் வீடு, வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்த அம்மா. மரியாதையான மனிதர்கள், என்னை உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். அந்த அம்மா ஜோதியை "மகளே" என்றுதான் கூப்பிட்டது. நான் இருக்கும்போதே பிசியோதெரபி பார்க்கும் பெண் வந்தாள். ஜோதியைவிடச் சின்னப் பெண், தோளில் பை. அவள் அந்த அம்மாவின் விரல்களைப் பிரிக்க ஆரம்பித்தாள். ஜோதி துண்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய், உள்ளங்கையில் வைக்கப் போனாள்.

"அக்கா, நீங்க தொடாதீங்க. சும்மா புடிச்சுக்கிட்டு மட்டும் நில்லுங்க" என்றாள் அந்தப் பெண். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவள் படித்த படிப்பு அப்படிச் சொல்லச் சொல்கிறது. ஜோதி துண்டைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். நான் டீயை வைத்துவிட்டேன். வாசல் வரைக்கும் வந்து என்னை அனுப்பும்போது, நான் ஒன்றும் கேட்காமலே, "அவங்க படிச்சவங்க பெரியப்பா" என்றாள்.

இப்போது மரம் போவதற்குக் காரணம் என் மனு இல்லை. காசிமாயனின் மகன்கள் மேற்குக் காட்டைப் பிளாட்டுக்கு விற்றுவிட்டார்கள். வாங்கியவன் கல் ஊன்றி, மஞ்சள் பெயின்ட் அடித்து, முப்பதடி அகலத்துக்குச் செம்மண் ரோடு போட்டான். உன் காட்டு ஓரம் வந்து நிற்கிறது அந்த ரோடு. யாரும் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வியாபாரிகள் தானாக வந்தார்கள். விலை அன்றைக்கு இருந்ததில் முக்கால்தான்.

போன வாரம் ஜோதிக்குப் போன் செய்தேன். மரம் போகிறது, பணம் முழுக்க உனக்குத்தான், இப்போதாவது போய்ச் சேர், எத்தனை வயதானாலும் படிக்கலாம் என்றேன். பின்னால் யாரோ இருமுகிற சத்தம் கேட்டது.

"அம்மாகிட்ட குடுங்க பெரியப்பா. ஓடு மாத்தணும், மூட்டுக்கு ஆப்ரேசன் பண்ணணும். படிக்கிறதெல்லாம் இனிமே எனக்கு வராது. புஸ்தகத்த எடுத்தாலே தூக்கம் வருது" என்றாள். பிறகு, அங்கே படுக்கையில் கிடக்கிற அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்று சொல்லி வைத்துவிட்டாள். அவளிடம் நான் கேட்க நினைத்தது வேறு. அதைக் கேட்கவில்லை.

மதியத்தோடு எழுதுவதை நிறுத்திவிட்டுக் காட்டுக்குப் போனேன். இப்போது சாயங்காலம், மிச்சத்தை எழுதுகிறேன்.

காசிமாயன் வந்திருந்தான். கிழவனாகிவிட்டான். உசிலம்பட்டியில் மகன் வீட்டு மாடியில் இருக்கிறானாம். பஸ் ஏறி வந்து செம்மண் ரோட்டில் நின்று, மரம் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பத்து வருஷம் கழித்து அவன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"அன்னைக்கே வழி விட்டுருப்பேண்ணே. ஒரு வார்த்ததான கேட்டேன்."

"அன்னைக்கே பாத இருந்துச்சு" என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். சரி என்கிறானா, இவன் திருந்த மாட்டான் என்கிறானா தெரியவில்லை. இரண்டு பேரும் லாரி போகும் வரைக்கும் நின்றோம். பக்கத்தில் பக்கத்தில் இல்லை, நடுவில் ஒரு மரம் படுக்கிற தூரம்.

நான் இன்றைக்கும் சொல்வேன், தம்பி. வரைபடத்தில் பாதை இருக்கிறது. யார் வந்து கேட்டாலும் எடுத்துக் காட்டுவேன். நான் சொன்னதில் ஒரு எழுத்துத் தப்பில்லை. ஆனால் வாசலில் வைக்க வேண்டாம் என்று உன் பாடைக்குப் பக்கத்தில் நின்று சொன்னவன் சொன்னதும் தப்பில்லை. ஏத்திட்டுப் போங்கடான்னு சொல்வாரு என்று ஜோதி சொன்னதும் தப்பில்லை. நீ அதைத்தான் சொல்லியிருப்பாய். அதே சொல், அதே குரல். அவள் சொன்ன அந்த நிமிஷமே எனக்கு அது தெரிந்தது. அதனால்தான் கையை ஓங்கினேன்.

உன் தலைமாட்டில் நிற்கிற மரத்தை மட்டும் வெட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒற்றை மரம் காற்றுக்கு நிற்காது, விழுந்துவிடும் என்றார்கள். விழட்டும் என்றேன். ஓடைப் பக்கம் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருந்தானே, அவன்கூட லாரியில் ஏறிப் போய்விட்டான்.

எல்லோரும் போன பிறகு சட்டைப்பையில் இருந்து டேப்பை எடுத்து அந்த மரத்தை அளந்து பார்த்தேன். ஒரு முனையை நெஞ்சோடு வைத்து மரத்தில் அழுத்திக்கொண்டு, மறு முனையை ஒரு கையால் சுற்றி எடுத்து வந்தேன். எட்டவில்லை. நாலு விரல் இடைவெளி விட்டு டேப் தீர்ந்துபோனது. இரண்டு முனையையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு, மரத்தில் நெற்றி படுகிற மாதிரி நின்றேன். நீ முடிந்த சிவப்பு நூல் எங்கே இருக்கிறது என்று தேடினேன். அது மரத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது, நின்ற இடத்தில் இருந்து எனக்குத் தெரியவில்லை.